மகளை பி.காம்., எல்.எல்.பி.யில் சேர்க்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ வணிகவியல் படிக்கிறாள். பி.காமும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் என் மைத்துனர், “ரெண்டும் அரைகுறையாப் போயிடும், பேசாம சி.ஏ. போடுங்க” என்கிறார். ஐந்து வருடம் முடித்து அவள் என்ன வேலைக்குப் போவாள்? சி.ஏ.வையும் கூடவே படிக்க முடியுமா? நடுவில் பிடிக்கவில்லை என்றால் மூன்று வருட முடிவில் பி.காம். பட்டமாவது கையில் கிடைக்குமா? ஆங்கிலம் அவளுக்குச் சுமார்தான். கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் ஐயா.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

ஐயா, வணக்கம்.

மூன்று வருட முடிவில் பி.காம். கிடைக்குமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் கேட்டதில் ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். கிடைக்காது.

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பில், வேறு பட்டம் இருக்கிறது என்று சொல்லி நடுவில் வந்து சேர முடியாது. பாதியில் ஒரு பட்டத்தை மட்டும் பிரித்து வாங்கிக்கொண்டு வெளியேறவும் முடியாது. மூன்றாம் வருடத்தோடு நின்றுவிட்டால் கையில் இருப்பது பிளஸ் டூ சான்றிதழும் ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டும்தான். இதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. கல்லூரிக்காரர்கள் “ஒரே கல்லில் இரண்டு மாங்காய்” என்று சொல்வார்கள். இரண்டு மாங்காயும் ஐந்தாம் வருடம்தான் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அந்தப் பயம் உங்களுக்கு நிஜமாகவே இருந்தால் வேறு வழி உண்டு. மூன்று வருட பி.காம்., அப்புறம் மூன்று வருட எல்.எல்.பி. மொத்தம் ஆறு வருடம். அந்தக் கூடுதல் ஒரு வருடத்தை இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.காம். முடித்ததும் மனசு மாறினால் வங்கித் தேர்வு, சி.ஏ., எம்.காம். என்று எந்தப் பக்கமும் திரும்பலாம். மகள் தீர்மானமாக இருந்தால் பிரீமியம் வீண். பதினேழு வயசுத் தீர்மானத்தை எவ்வளவு நம்பலாம் என்பது அப்பாவான உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

இப்போது மைத்துனர் சொன்னதற்கு வருகிறேன். இரண்டும் அரைகுறையாகப் போய்விடுமா? அவர் சொல்வதில் பாதி சரி. முதல் இரண்டு வருடத்தில் கணக்குப் பதிவியல், அடக்கவிலை, பொருளாதாரம், மேலாண்மை மாதிரி வணிகவியல் பாடங்கள் நிறைய வரும். கூடவே ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் (ஒருவர் செய்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும் சட்டம்) என்று ஆரம்பிக்கும். மூன்றாம் வருடத்திலிருந்து சட்டம் மேலோங்கிவிடும். கம்பெனிச் சட்டம், வரிச் சட்டம், சாட்சியச் சட்டம், உரிமையியல் நடைமுறை, மனு எழுதும் பயிற்சி, மாதிரி நீதிமன்றம். ஆடிட்டிங்கிலும் நிதி மேலாண்மையிலும் சி.ஏ. மாணவன் போகும் ஆழத்துக்கு இது போகாது. போகவும் வேண்டாம்.

என் குறை வேறு. வணிகவியல் ஆசிரியர் வணிகவியலை நடத்திவிட்டுப் போவார், சட்ட ஆசிரியர் சட்டத்தை நடத்திவிட்டுப் போவார். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டுபவர் அபூர்வம். பட்டத்தின் பெயரில் பி.காமுக்கும் எல்.எல்.பி.க்கும் நடுவே ஒரு காற்புள்ளி இருக்கிறது பாருங்கள், அது ஐந்து வருடமும் பாடத்திட்டத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை எடுக்க வேண்டியது படிக்கிற பிள்ளைதான். எடுத்துவிட்டால் அந்தப் படிப்புக்கு ஈடு கிடையாது. எடுக்காமல் ஐந்து வருடம் ஓட்டிவிட்டால் உங்கள் மைத்துனர் சொன்னது முழுதாகவே சரியாகிவிடும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஒரு நூற்பாலை வங்கியில் வாங்கிய கடன் 2014 மார்ச்சில் வாராக் கடன் ஆகிவிட்டது. வங்கி 2019 ஜூலையில்தான் திவால் சட்டத்தின் கீழ் மனுப் போட்டது. அந்த மனுவுக்குக் காலவரம்பு மூன்று வருடம். நாள் கணக்குப் பார்த்தால் 2017 மார்ச்சோடு காலாவதி. எதிர்த்தரப்பு வக்கீல் அதை மட்டும்தான் சொன்னார், அவருக்கு அது போதும். வங்கிக்காக நான் ஆஜரானேன்.

எங்களைக் காப்பாற்ற ஒரே ஒரு தாள் இருந்தது. நூற்பாலை தானே போட்ட பேலன்ஸ் ஷீட். 31.3.2016 தேதியிட்டது, இயக்குநர்கள் அந்த செப்டம்பரில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் கடன் தலைப்பில் அந்தத் தொகை நிற்கிறது. காலவரம்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, கெடு முடிவதற்குள் கடனாளி எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும் என்கிறது. பேலன்ஸ் ஷீட் பதிவும் அப்படி ஒரு ஒப்புதலாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் பிஷால் ஜெய்ஸ்வால் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2016 செப்டம்பரோடு மூன்று வருடத்தைக் கூட்டினால் 2019 செப்டம்பர். மனு ஜூலையில் வந்துவிட்டது. முடிந்தது கதை என்று தெம்பாக எழுந்து நின்றேன்.

தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் பொதுவாக இரண்டு பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். ஒருவர் நீதித்துறை உறுப்பினர், இன்னொருவர் தொழில்நுட்ப உறுப்பினர், அதாவது கணக்கு, நிர்வாகம் மாதிரி துறையிலிருந்து வந்தவர். கேள்வி இரண்டாமவரிடமிருந்து வந்தது. “நோட் நம்பர் 14 பார்த்தீர்களா?” நான் பார்க்கவில்லை. பேலன்ஸ் ஷீட்டின் முகப்பை மட்டும்தான் நகல் எடுத்து வைத்திருந்தேன். பின்னால் பதினான்காம் குறிப்பில், பொடி எழுத்தில், “வட்டிக் கணக்கில் வங்கியுடன் தகராறு உள்ளது, இத்தொகையை நிறுவனம் ஏற்கவில்லை” என்று இருந்தது. அதே 2021 தீர்ப்பிலேயே, பதிவு மட்டும் போதாது, அதோடு உள்ள குறிப்புகளையும் ஆடிட்டர் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்து வழக்குக்கு வழக்கு முடிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. எனக்கு அப்போது பதினைந்து வருட அனுபவம். ஒரு வாரம் வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ராஜாஜி சாலையில் அன்றைக்கு வெயில் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது.

அந்த ஒரு வாரத்தில் வழக்கை மீட்டது என் ஜூனியர். பி.காம்., எல்.எல்.பி. படித்த பெண், சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் பேலன்ஸ் ஷீட்டையே முறைத்துக்கொண்டிருந்தபோது அவள் ஆண்டறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். இயக்குநர்கள் அறிக்கையில், ஒரே தவணையில் கடனைத் தீர்க்க வங்கியிடம் நிறுவனம் ஒரு தொகை சொல்லியிருப்பதாக நாலு வரி இருந்தது. அதுவும் 2016 செப்டம்பரில் கையெழுத்தானது. கடனே இல்லை என்கிறவன் அதைத் தீர்க்க எதற்குத் தொகை பேசுகிறான்? தகராறு வட்டியில்தானே தவிரக் கடனில் இல்லை என்று வாதிட்டோம். மனு பிழைத்தது.

அவள் கண்டுபிடித்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆண்டறிக்கையில் எந்தச் சேதி எங்கே ஒளிந்திருக்கும் என்று ஒரு நல்ல ஆடிட்டருக்குத் தெரியும். ஒப்புதல் என்றால் சட்டத்தில் என்ன என்று ஒரு நல்ல வக்கீலுக்குத் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால், யாரையும் கேட்காமல் ஒரே ராத்திரியில் கண்ணில் பட்டது. நான் சொன்ன காற்புள்ளியை எடுத்துவிடுவது என்றால் இதுதான்.

உங்கள் மகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு, வீட்டிலேயே நீங்கள் இருக்கிறீர்கள். செக் திரும்பி வந்தால் 30 நாளைக்குள் நோட்டீஸ், அது கைக்குக் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் என்ற கணக்கு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். சட்டக் கல்லூரி மாணவர்கள் அதைப் பரீட்சைக்கு முதல் நாள் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இன்னொன்று: வியாபாரத்தில் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தின் பதிவுகளைச் சாட்சியமாகப் பார்க்கலாம், ஆனால் அது மட்டுமே ஒருவர் தலையில் கடனைச் சுமத்தப் போதாது என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் 34, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 28. 22 வருடமாக நீங்கள் எழுதிய லெட்ஜர் கோர்ட்டில் எவ்வளவு பேசும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்பது அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. பில், டெலிவரி சலான், லாரி ரசீது எல்லாம் ஏன் லெட்ஜரோடு கூட வர வேண்டும் என்று அவளுக்கு நீங்களே சொல்லித் தரலாம். எந்தப் பேராசிரியரும் உங்கள் அளவுக்குச் சொல்ல முடியாது.

சி.ஏ.வா இதுவா என்ற கேள்வியில் மைத்துனரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். கம்பெனி ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட சி.ஏ. ஒருவருக்குத்தான் அதிகாரம். பி.காம்., எல்.எல்.பி. எத்தனை வருடம் படித்தாலும் அது வராது. வருமான வரித் தீர்ப்பாயத்திலும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திலும் சி.ஏ.வும் ஆஜராகலாம், வக்கீலும் ஆஜராகலாம். அங்கே தோற்று வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனால் சி.ஏ. ஃபைலைத் தூக்கி வக்கீல் கையில் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார வேண்டியதுதான். கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராத பிள்ளை என்றால் சி.ஏ.வுக்கு அனுப்புங்கள். இடிக்கிற ஒரு ரூபாய்க்கு யார் பொறுப்பு என்று கேட்கிற பிள்ளை என்றால் சட்டத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டையும் சேர்த்தே படிக்கட்டும் என்பது நடக்காது. இந்தப் படிப்புக்கு வாரம் குறைந்தது 30 மணி நேரம் வகுப்பு வைக்க வேண்டும் என்பது விதி, வருகைப்பதிவும் கறாராக இருக்கும். சி.ஏ.வுக்கு இரண்டு வருடம் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சி, அதுவும் பகல் வேலை. தவிர, இந்தப் படிப்பில் இருக்கும்போது வேறு பட்டப்படிப்போ தொழிற்படிப்போ கூடவே படிப்பதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. முடித்த பிறகு கம்பெனி செக்ரட்டரி படிப்பு எழுதலாம், அது இதோடு நன்றாகப் பொருந்தும்.

எங்கே சேர்ப்பது? தமிழ்நாட்டில் நான் முதலில் சொல்வது சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி. அங்கே பி.காம்., எல்.எல்.பி. (ஹானர்ஸ்) இருக்கிறது, சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் வைத்துத்தான், நுழைவுத் தேர்வு கிடையாது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு, அதற்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும். 120 கேள்வி, இரண்டு மணி நேரம், முழுக்க ஆங்கிலம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, அது தனியார்.

இங்கே ஒன்று சொன்னால் சக வக்கீல்கள் சிலர் என்மேல் கோபப்படுவார்கள். பரவாயில்லை. மேலே சொன்ன அரசு இடங்கள் கிடைக்காமல் போனால், பட்டத்தில் ‘காமர்ஸ்’ என்ற சொல் வர வேண்டும் என்பதற்காகப் பெயர் தெரியாத தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள். அரசு சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலும் பி.ஏ., எல்.எல்.பி.தான் இருக்கும். சேலமோ கோயம்புத்தூரோ கிடைத்தால் அதிலேயே போடுங்கள். கட்டணம் உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும். கணக்கை அவள் வீட்டில் உங்களிடம் படித்துக்கொள்ளட்டும். வங்கியோ கம்பெனியோ வக்கீலைத் தேடும்போது பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியுமா என்றுதான் பார்க்கும். சான்றிதழில் எந்த எழுத்து முதலில் இருக்கிறது என்று நாலு வருடம் கழித்து யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள். நானும் அரசுப் பள்ளியில் தமிழ் வழிதான். முதல் வருடம் ஒப்பந்தச் சட்டத்தின் பேர் ஆக்டை, அதாவது உரை எதுவும் இல்லாத வெறும் சட்டப் பிரதியை, பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதி எழுதி அழித்தேன். ஆறு மாதத்தில் பென்சில் தேவைப்படவில்லை. சட்ட ஆங்கிலம் பேச்சு ஆங்கிலம் இல்லை, திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்களும் நீள வாக்கியங்களும்தான். நுனிநாக்கில் பேசுகிற பிள்ளைகளும் அங்கே புதிதாகத்தான் தொடங்க வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழ் செல்லும். ஆனால் ஹைகோர்ட்டும் தீர்ப்பாயங்களும் ஆங்கிலம்தான். இவள் போக நினைக்கிற பாதை அந்தப் பக்கம் என்பதால் தப்பிக்க வழி இல்லை, பழகித்தான் ஆக வேண்டும்.

வேலை பற்றி. படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பதிவுக் கட்டணம் பொதுவாக 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 125 ரூபாய். இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. அதன் பிறகு இரண்டு பாதை, இரண்டிலும் ஒரே சமயத்தில் நடக்க முடியாது. முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் வக்கீல் தொழில் செய்யக் கூடாது, பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். பொதுத்துறை வங்கிகளில் சட்ட அதிகாரி பதவிக்கு ஐ.பி.பி.எஸ். என்ற அமைப்பு தேர்வு நடத்துகிறது, எல்.எல்.பி.யோடு பார் கவுன்சில் பதிவும் கேட்பார்கள். கணக்கு தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல இடம். மாசம் பிறந்தால் சம்பளம் வரும்.

கோர்ட்டுக்குத்தான் போவேன் என்றால் முதல் மூன்று வருடம் கையைக் கடிக்கும், மறைக்க மாட்டேன். ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. எல்லா சீனியரும் தருகிறார்கள் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். சென்னையில் ஹாஸ்டல் வாடகைக்கு நீங்கள் கொஞ்ச காலம் பணம் அனுப்ப வேண்டியிருக்கும். ஐந்து வருடக் கட்டணத்தோடு இதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். சிவில் நீதிபதித் தேர்வு என்ற நினைப்பு இருந்தால், 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு அதற்கும் மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம். திவால் வழக்குகளில் கம்பெனிப் பொறுப்பை ஏற்று நடத்தும் தீர்வு நிபுணர் ஆக வக்கீலுக்குப் பத்து வருட அனுபவமும் ஒரு தேர்வும் வேண்டும். அது தூரத்துக் காட்சி, இப்போதைக்கு விடுங்கள்.

படிக்கும்போது ஐந்து வருடத்தில் மொத்தம் 20 வாரமாவது இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும், ஒரே மூச்சில் நாலு வாரத்துக்கு மேல் கூடாது. எல்லோரும் ஹைகோர்ட் வராண்டாவில் ஃபைல் தூக்கப் போவார்கள். அவள் ஒரு தடவையாவது ஏதாவது கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போகட்டும். கணக்கில் வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஜூலையில் மாமாவின் ஆடிட்டர் ஆபீசில் கொஞ்ச நாள் உட்காரட்டும். ரிட்டர்ன் சீசனில் அந்த ஆபீஸ் இருக்கிற இருப்பைப் பார்த்தால் சி.ஏ. பற்றிய சந்தேகமும் தீர்ந்துவிடும். ஒரு வேளை அங்கேயே பிடித்துப்போனால் மைத்துனருக்குச் சந்தோஷம், எனக்கும் வருத்தம் இல்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம், பங்குச் சந்தையில் உள்ள ஏதாவது ஒரு ஜவுளிக் கம்பெனியின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்திலிருந்து எடுத்து அவளிடம் கொடுங்கள், இலவசமாகவே கிடைக்கும். ஆங்கிலம்தான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பேலன்ஸ் ஷீட்டை அவளே பார்த்துக்கொள்வாள், வணிகவியல் மாணவிதானே. பின்னால் வரும் நோட்ஸில் “கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி” என்று ஒரு தலைப்பு இருக்கும். வரலாம் வராமலும் போகலாம் என்கிற கடன்கள், நடக்கிற வழக்குகள் எல்லாம் அதன் கீழ் இருக்கும். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் நாலு நாள் வைத்துக்கொள்ளட்டும். ஐந்தாம் நாள் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். ஒன்றுமே கேட்காமல் திருப்பிக் கொடுத்தால் ஆறு வருட வழியே உங்களுக்கு நல்லது. “இந்த வழக்கில் தோற்றால் இந்தத் தொகை எங்கேப்பா வரும்?” என்று கேட்டால் சீர்மிகு சட்டப் பள்ளி விண்ணப்பத்துக்குத் தயாராகுங்கள். சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள், ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.